மல்லிகாவை நாங்கள் காப்பாற்றிய விதம்

என் அண்ணன் மகள் வித்யா சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்க்கிறாள். ஊர் உலகம் இணையத்தில் கொட்டுகிற கண்றாவிகளைப் பார்த்து, எது இருக்கலாம், எதைத் தூக்க வேண்டும் என்று முடிவு செய்கிற வேலை. இப்போது அதில் பாதியை மெஷினே செய்துவிடுகிறதாம். போன மாதம் வந்தவள், “அத்தே, நீங்க அப்பவே இந்த வேலைய பாத்தவங்க. ரூல் ஜாஸ்தியா இருக்கணுமா, ஆளுங்கள அவுங்க இஷ்டத்துக்கு வுட்டுடணுமா? எங்க ஆபீஸ் பசங்க கேக்கச் சொன்னாங்க” என்றாள். எனக்கு விடை தெரியாது. தெரிந்த மாதிரி நடிக்க இந்த வயதில் தெம்பும் இல்லை. நடந்ததை எழுதித் தருகிறேன், படித்துவிட்டு அவர்களே முட்டிக்கொள்ளட்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

நான் முதலில் சிதம்பரம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டர். இரண்டு பக்கத்து லைனையும் இணைத்து, பேச்சு விழுகிறதா என்று கேட்டுவிட்டு, என் காதுக்கு வருகிற சாவியை மூட வேண்டும். பயிற்சியில் மண்டையில் அடித்துச் சொல்லிக் கொடுத்தது ஒன்றுதான்: லைன் பேசுகிறவர்களுடையது, நடுவில் வாயைத் திறக்காதே, காதில் விழுந்தது விழாததுதான். லால்பேட்டைக்கு வளைகுடா நாடுகளிலிருந்து கால் வரும். அந்தப் பெண்கள் பேசுவதைவிட மூச்சு விடுவதுதான் அதிகம் கேட்கும். “டைம் ஆச்சும்மா” என்று நான் சொல்லும்போது என்னைச் சபித்திருப்பார்கள். பிறகு எல்லாரும் தானாகவே டயல் செய்யும் காலம் வந்தது. எங்களை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று யாருக்கும் தெரியவில்லை. 2004-இல் விருப்ப ஓய்வு கொடுத்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தேன். ஒரே வருடத்தில் பைத்தியம் பிடிக்கிற மாதிரி ஆகிவிட்டது.

அப்போதுதான் கடலூர் திருப்பாப்புலியூரில் ஒரு டயர் கடை மாடியில் அந்த ஆபீஸ் வந்தது. வெளிநாட்டுக்காரன் செய்த இணைய விளையாட்டு ஒன்றை இங்கே நடத்துகிறவர்களுக்கு, விளையாடுகிறவர்களின் புகார்களைப் பார்த்துத் தீர்க்கும் ஆபீஸ். பேச்சைக் கேட்டுப் பழகியவர்கள் வேண்டும் என்று என்னையும் எடுத்துக்கொண்டார்கள். ரயில் பாதையை அகலப்படுத்துகிறோம் என்று வண்டிகளை நிறுத்தியிருந்த காலம். சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ்ஸில் குலுங்கிக்கொண்டு போவேன். 2012-இல் விளையாட்டையே மூடினார்கள். அத்தோடு நானும் மூட்டையைக் கட்டினேன்.

அது ஒரு உலகம். கம்ப்யூட்டருக்குள் ஒரு நாடு, அதில் மலை, ஏரி, சந்தை. ஆயிரக்கணக்கானவர்கள் அவரவர் வீட்டிலிருந்தும் நெட் சென்டரிலிருந்தும் ஒரே நேரத்தில் அதற்குள் நுழைவார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு உருவம் உண்டு. வாள்வீரன், வில்லாளி, மந்திரக்காரி என்று எதையாவது எடுத்துக்கொள்ளலாம். நடுவில் ஒரு கோட்டை. அதற்குள் யாரும் யாரையும் தொட முடியாது. ஆனால் பேசுவதெல்லாம் சுற்றி இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். கோட்டையைத் தாண்டினால் திறந்தவெளி. அங்கே வீடு கட்டலாம், மரம் வைக்கலாம். எவனும் வந்து வெட்டிப் போட்டுவிட்டும் போகலாம். வெட்டுப்பட்டவன் மறுபடி எழுந்து வருவான், அவன் கையிலிருந்த சாமான் மட்டும் வெட்டினவனுக்கு. திறந்தவெளியில் நடப்பதில் நாங்கள் தலையிடக்கூடாது. சுதந்திரம்தான் இந்த விளையாட்டின் உயிர் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். எனக்கு அது எக்ஸ்சேஞ்ச் சட்டம் மாதிரியே இருந்ததால் பிடித்துப் போயிற்று.

எங்கள் மேலாளர் ராஜமாணிக்கம் சார் என்னைவிட ரொம்பச் சின்னவர். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தப் புகாரையும் முதலில் மனசுக்குள் படிப்பார், பிறகு எங்களுக்குக் கேட்கும்படி வாய்விட்டுப் படிப்பார், பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, “இதுல பலவீனமான ஆளு யாரு?” என்று கேட்பார். அதைச் சொல்லாமல் தீர்ப்புச் சொல்ல விடமாட்டார். நாங்கள் விளையாட்டுக்குள் போனால் வெள்ளை அங்கி போட்ட உருவமாகத்தான் போக வேண்டும், பேசுமுன் யார் என்று சொல்ல வேண்டும், ஒளிந்து நின்று பார்த்தால் எதற்குப் பார்த்தோம் என்று எழுத வேண்டும். எச்சரிக்கலாம், பேச விடாமல் வாயைக் கட்டலாம், உள்ளே நுழைய விடாமல் கணக்கைப் பூட்டலாம். பூட்டுவதென்றால் சார் கையெழுத்து வேண்டும். நல்ல மனிதர். அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நீங்கள் அவரை வில்லனாக்கிவிடுவீர்கள்.

ஒருநாள் பண்ருட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் ஆபீஸுக்கு வந்தார். பத்தாவது படிக்கிற அவர் பெண்ணுக்கு விளையாட்டில் ஒரு அக்கா சிநேகிதம் ஆகியிருக்கிறாள். கடலூர் வெள்ளிக் கடற்கரைக்கு வா, நேரில் பார்க்கலாம் என்று கூப்பிட்டிருக்கிறாள். போன இடத்தில் நின்றது நாற்பது வயது ஆண்பிள்ளை. யாரோ ஒரு பெண்ணின் பெயரில் கணக்கு வைத்து விளையாடியவன். பெண் புத்திசாலி, சத்தம் போட்டு ஓடி வந்துவிட்டாள். ஆனால் அப்பா எங்கள் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். “வூட்டுக்குள்ளதானே இருக்குது, பத்திரமா இருக்குதுன்னு நெனச்சேன் சார்” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். சார் அன்றைக்குச் சாப்பிடவில்லை. இரண்டு வாரம் உட்கார்ந்து புது விதிகளை எழுதிச் சென்னைத் தலைமை ஆபீஸுக்கு அனுப்பினார். நாங்கள் எல்லாரும் அதற்குச் சரி சொன்னோம். இன்றைக்குக் கேட்டாலும் அந்தப் பெண்ணுக்காகச் சரி என்றுதான் சொல்வேன்.

புது விதிப்படி, பெண் என்று பதிந்திருக்கிறவரோடு ஒரு புது ஆண் தனியாகப் பேச முடியாது. பல மாதம் விளையாடி மேல்நிலைக்கு வந்த பிறகுதான் முடியும். ஒரு பெண்ணை யாராவது தொந்தரவு செய்கிறான் என்று மற்றவர்கள் புகார் கொடுத்தால், கோட்டையானாலும் திறந்தவெளியானாலும் விசாரிக்கும் வரை அவன் வாய் கட்டப்படும். ஒருவர் கணக்கில் இன்னொருவர் விளையாடக் கூடாது. அதிலும் பெண் கணக்கில் ஆண் விளையாடினால் நிரந்தரப் பூட்டு, மேல்முறையீடு கிடையாது. சரியான புகார் கொடுக்கிறவர்களுக்கு ஒரு நீல இறகு. தொப்பியில் செருகிக்கொள்ளலாம். இந்த இறகு சார் யோசனை இல்லை, சென்னைக்காரர்களுடையது.

இறகு வந்ததும் வேடிக்கை ஆரம்பமானது. சிதம்பரத்தில் ஹாஸ்டலில் இருந்த பையன்கள் ஒரு கூட்டம், அதுவரை திறந்தவெளியில் போகிறவன் வருகிறவனையெல்லாம் வெட்டிச் சாமானைப் பிடுங்கிக்கொண்டிருந்தவர்கள், ஒரே வாரத்தில் ‘காவல் படை’ என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். பெண் உருவம் எங்கே தெரிந்தாலும், “சிஸ்டர், எனி ப்ராப்ளம்?” என்று போய் நிற்பார்கள். தலையில் இறகு ஏறிக்கொண்டே போனது.

அவர்கள் கொடுத்த புகார்தான் மல்லிகா விவகாரம். மல்லிகா என்பது பச்சைப் பாவாடை கட்டிய ஒரு மந்திரக்காரி உருவம். திறந்தவெளியில் ஏரிக்கரையோரம் அவளுக்கு ஒரு வீடு. ஒரு வாள்வீரன் வெள்ளிக்கிழமைதோறும் அவளைத் தேடி அங்கே வருகிறான், மணிக்கணக்கில் பேசுகிறான், விடமாட்டேன் என்கிறான் என்று புகார். பேச்சுப் பதிவை எடுத்தேன். இங்கிலீஷ் எழுத்தில் அடித்த தமிழ். வீரன்தான் நிறையப் பேசியிருந்தான். “போன வாரம் ஏன் வரல?” “யார் கூட இருந்த?” “எப்ப வருவ சொல்லு.” “பணம் காசு வேணாம், நீ வந்தா போதும்.” மல்லிகாவின் பதில்கள் எல்லாம் “ம்”, “பாக்கலாம்”, “போவணும்” என்று ஒற்றை வார்த்தை. படிக்கிற யாரும் புகார் சரி என்றுதான் சொல்வார்கள்.

ஆனால் நான் காதால் பிழைத்தவள். அந்த “ம்” பயந்த “ம்” மாதிரி எனக்குப் படவில்லை. “சார், அந்தப் பொண்ணு ஒரு தடவைகூட போடான்னு சொல்லலையே. அவதான் வாராவாரம் ஏரிக்கரைக்கு மொதல்ல வந்து நிக்கிறா” என்றேன்.

சார் கண்ணாடியைக் கழற்றி வைத்தார். “பயந்தவங்க போடான்னு சொல்ல மாட்டாங்க மேடம். இதுல பலவீனமான ஆளு யாரு?”

மல்லிகாதான். வேறென்ன சொல்ல முடியும்? சார் கையெழுத்துப் போட்டார். வீரனின் கணக்கு பூட்டப்பட்டது.

அடுத்த வாரமே லால்பேட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பெண் வந்துவிட்டாள். இடுப்பில் மூன்று வயசுப் பெண் குழந்தை. பெயர் ஜமீலா. பூட்டின கணக்கு தன் கணவர் பெயரில் இருப்பது, அதைத் திறந்து விட வேண்டும் என்றாள். கணவர் எங்கே என்று சார் கேட்டார். குழந்தை வயிற்றில் இருக்கும்போது வளைகுடாவுக்குப் போனவர், இன்னும் ஊர் திரும்பவில்லை என்றாள். பாஸ்போர்ட் முதலாளி கையில்.

“கணக்கு யாரோடதோ அவுங்கதாம்மா பேசணும்” என்றார் சார்.

நான் சும்மா இருக்கமாட்டாமல் அவள் பெயரைப் போட்டுத் தேடினேன். மல்லிகாவின் கணக்கு ஜமீலா பெயரில்தான் பதிவாகியிருந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தைப் பாருங்கள், நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன். “சார், இவுங்கதான் சார் மல்லிகா! புருஷன் பொண்டாட்டி பேசிக்கினு இருந்ததப் போயி புடிச்சிருக்கோம்!”

சாருக்கும் முகம் மலர்ந்தது. “அப்படியாம்மா? நீங்கதான் மல்லிகாவா?”

ஜமீலா ஒரு கணம் என்னைப் பார்த்தாள், தலையை ஆட்டினாள். இவர் தொந்தரவு செய்யவில்லை என்று நீங்கள் ஒரு வரி எழுதிக் கொடுத்தால் போதும், இப்போதே திறந்துவிடலாம் என்று சார் சொன்னார். சரியான கணக்குதானா என்று உறுதி செய்ய, திரையை அவள் பக்கம் திருப்பினார். பச்சைப் பாவாடையில் மல்லிகா பெரிதாக நின்றாள்.

குழந்தை இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு தாவியது. “அத்தா! அத்தா!”

லால்பேட்டைப் பக்கம் அப்பாவைத்தான் அத்தா என்பார்கள். சார் சிரித்துவிட்டு, விளையாட்டாக, வாள்வீரன் படத்தைக் காட்டி, “இது யாரு பாப்பா?” என்றார்.

“அம்மா.”

சாரின் சிரிப்பு மெல்ல நின்றது. ஜமீலா குழந்தையின் கையைப் பிடித்து இறக்கினாள். அதன் பிறகு அவள் எதையும் மறைக்கவில்லை.

“ரெண்டு கணக்கையும் அவுங்கதான் போட்டாங்க. ஒண்ணு எம் பேர்ல, ஒண்ணு அவுங்க பேர்ல. அப்பறம் பொம்பள உருவம்னா கண்டவனும் வந்து வம்பு பேசுவான், அத நா எடுத்துக்கறேன், வர்றவன நா பாத்துக்கறேன், நீ ஆம்பளையா நிம்மதியா இருன்னு சொல்லிட்டாங்க. எனக்கும் சிரிப்பா இருந்துச்சு. வெள்ளிக்கெழம தொழுவ முடிஞ்சி, அங்க ஒரு கடையில ஒக்காந்துதான் வருவாங்க. ஒத்த வெரலால தட்டுவாங்க, அதான் ம், ம்னு இருக்கும்.”

போனில் பேசலாமே, மெயில் போடலாமே என்று சார் கேட்டார்.

“போன் கார்டு போட்டா, நல்லா இருக்கியான்னு கேக்கறதுக்குள்ள தீந்துடும். நெட்டுல குரல்ல பேசறதெல்லாம் அங்க தடுத்து வச்சிருக்காங்க. மெயிலு போடலாம் சார். மெயில்ல கூட ஒக்கார முடியுமா? அங்க ஏரிக்கர வூட்ல மூணு நாற்காலி போட்டிருக்கோம். இவ எம் மடியில ஒக்காந்துக்கினு பாப்பா. அவுங்க பச்சப் பாவாடையோட ஒரு நாற்காலில ஒக்காருவாங்க. அவ்ளோதான் சார், வேற ஒண்ணுமில்ல.”

சார் எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றார். நான் பின்னாலேயே போனேன்.

“சார், கொழந்த சொன்னது நம்ம காதுல வுழல. அவ்ளோதான். எழுதி வாங்கிக்கினு தொறந்து வுட்டுடுங்க.”

“எனக்கு வுழுந்துடுச்சே மேடம்.”

“எக்ஸ்சேஞ்சுல நான் கேக்காததா? ஊர் ரகசியம் பூரா இந்தக் காதுலதான் போச்சு. ஒண்ணாவது வெளிய வந்திருக்கா?”

“அந்தப் பண்ருட்டிக்காரர் இதே நாற்காலிலதான் ஒக்காந்து அழுதாரு. பொம்பள கணக்குல ஆம்பள. அதே கேஸ். இவுங்கள நம்பி வுட்டுட்டா, நாளைக்கு வர்ற இன்னொருத்தன எத வச்சு வேணாம்பேன்? மூஞ்ச பாத்தா?”  

குழந்தைக்குப் பால் வாங்கிக் கொடுத்து, அவரே நடந்து போய் இருவரையும் பஸ் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் மல்லிகாவையும் பூட்டினார். அன்றைக்கே சென்னைக்கு, இவர்கள் விஷயத்தில் விலக்குக் கொடுக்கும்படி மன்றாடி எழுதினார். எனக்குப் படித்துக் காட்டினார். அவ்வளவு உருக்கமாக அவர் எழுதுவார் என்று நான் நினைத்ததில்லை. அவரே எழுதிய விதியின் வாசகத்தை அப்படியே பதிலாக அனுப்பினார்கள்.

ஏரிக்கரை வீட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். திறந்தவெளியில் ஆள் இல்லாத வீட்டை யாரும் இடித்து எடுத்துக்கொள்ளலாம். அது அவர்கள் சுதந்திரம், நாங்கள் தலையிட முடியாது. காவல் படைதான் இடித்தது. நான் வெள்ளை அங்கியோடு பக்கத்தில் நின்று பார்த்தேன். ஒருவன் மூன்று நாற்காலிகளையும் அடுக்கித் தூக்கிக்கொண்டு, “மேடம், மல்லிகா சிஸ்டர் இப்ப சேஃபா?” என்று என்னையே கேட்டான். கிண்டல் இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவனைப் பூட்டியிருப்பேன், ஆனால் அதற்கு விதி இல்லை.

கணவனும் மனைவியும் புதிதாகக் கணக்குப் போட்டுக்கொண்டு வந்தார்கள். இந்த முறை ஒழுங்காக, அவர் ஆணாக, அவள் பெண்ணாக, அவரவர் பெயரில். அவர் புது ஆள் என்பதால் அவளோடு தனியாகப் பேச முடியாது. தனிப்பேச்சு கிடைக்க மாதக்கணக்கில் தினமும் விளையாட வேண்டும், அவருக்கு இருப்பது வெள்ளிக்கிழமையில் கொஞ்ச நேரம். திறந்தவெளிக்குப் போனால் புது ஆட்களை அடுத்த நொடியே வெட்டிவிடுவார்கள். அதனால் கோட்டைக்குள் சந்தைச் சதுக்கத்தில், நூறு பேருக்கு நடுவில் நின்றார்கள். அவள், “சாப்ட்டீங்களா?” என்று அடித்தாள். சதுக்கமே படித்தது. எவனோ ஒருவன், “சாப்ட்டேன் செல்லம்” என்று பதில் போட்டான். பத்துப் பேர் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் எதையும் அடிக்கவில்லை. இரண்டு உருவமும் பக்கத்தில் பக்கத்தில் பேசாமல் நின்றன.

பேசாமல் நின்றாலும் விடவில்லை. நீல இறகுகள் வந்து சூழ்ந்தன. “சிஸ்டர், இவன் ஒங்களத் தொந்தரவு பண்றானா?” அவள், “அவுங்க எங்க வீட்டுக்காரர்” என்றாள். எல்லாரும் அப்படித்தான் சொல்லச் சொல்லி மிரட்டுவார்கள் என்று புகார் போட்டார்கள். ‘இந்தப் பெண்ணையே பார்த்துக்கொண்டு நிற்கிறான்’ என்பது புகார். புகார் வந்தால் விசாரிக்கும் வரை அவர் வாய் கட்டு. நான் விசாரித்து அவிழ்ப்பதற்குள் அவருடைய நேரம் தீர்ந்துபோகும். கணவன் மனைவி என்று குறிக்க எங்கள் திரையில் இடமே கிடையாது. என் வார விடுமுறையை மாற்றிக்கொண்டு வெள்ளிக்கிழமைகளில் நானே உட்கார ஆரம்பித்தேன். புகார் விழுந்ததும் தள்ளுபடி செய்வேன், மறுபடி விழும், மறுபடி தள்ளுவேன். ஒரு முறை சதுக்கத்துக்கே போய், “இவர்கள் தம்பதி, விலகிப் போங்கள்” என்று அறிவித்தேன். கூட்டம் இன்னும் ஜாஸ்தியாகிவிட்டது, தம்பதியை வேடிக்கை பார்க்க.

என் வாழ்க்கையில் அவ்வளவு கையாலாகாமல் நான் உட்கார்ந்ததில்லை. எக்ஸ்சேஞ்சில் நேரம் முடியும்வரையாவது அந்தப் பெண்களின் லைனை யாரும் தொடமாட்டார்கள்.

இப்படியே மழைக்காலம் போயிற்று. பொங்கல் கழிந்து ஒரு நாள் மத்தியானம் புகார் வரிசையைத் திறந்தேன். சதுக்கத்திலிருந்து ஒன்றும் இல்லை. சற்றுப் பொறுத்துப் பார்த்தேன். வெள்ளை அங்கியோடு உள்ளே போனேன். கூட்டம் வழக்கம்போல வாங்கிக்கொண்டும் விற்றுக்கொண்டும் இருந்தது. அவர்கள் நிற்கிற இடத்தில் யாரோ வில்லாளிகள் இருவர் குதித்துக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் வரை திரையை மூடாமல் வைத்திருந்தேன்.

ராஜமாணிக்கம் சார் பின்னால் வந்து நின்று வரிசையை எட்டிப் பார்த்தார். ரொம்ப நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் ஒரு தெளிவு.

“பாத்தீங்களா மேடம், சதுக்கத்துல இன்னிக்கி ஒரு புகார்கூட இல்ல. ரூல் வேல செய்ய ஆரம்பிச்சிடுச்சு.”

அன்று வெள்ளிக்கிழமை என்று அவரிடம் நான் சொல்லவில்லை.